டிரைக்கோகிரம்மா அட்டை: கரும்புக்குத் தாராளமாக வாங்கலாம், கத்தரிக்கு யோசித்து வாங்குங்கள்

பயிர்ப் புழுக்களின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற சின்னக் குளவியை வயலில் விடுவதற்கான அட்டை இது. கையில் வாங்கிப் பார்த்தால் கருப்பு உப்புத்தாள் போலத்தான் இருக்கிறது. 20-க்கு 30 செ.மீ. கெட்டித் தாள், அதில் 7-க்கு 2 செ.மீ. அளவில் 30 கட்டங்கள், கட்டம் முழுக்க நெருக்கி ஒட்டிய பொடிப்பொடி முட்டைகள். கடையிலும் ஒட்டுண்ணி வளர்க்கும் கூடத்திலும் ‘1 சிசி அட்டை’ (சிசி என்றால் கன செ.மீ.) என்று கேட்டால் கிடைப்பது இதுதான். வேளாண் பல்கலைக்கழக முறையில் தயாராகும் அட்டைக்கு இந்த அளவு. தனியார் சிலர் தாளைச் சிறிதாக்கியும் கட்டத்தைக் குறைத்தும் தருகிறார்கள். அதில் தப்பில்லை, முட்டையின் கொள்ளளவுதான் கணக்கு. 1 சிசியில் ஏறக்குறைய 16,000 முதல் 20,000 முட்டை இருக்கும். கட்டத்துக்குச் சராசரி 600 என்று வைத்துக்கொள்ளலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு இது நல்ல சரக்கு, தயங்காமல் வாங்கலாம். நெல்லுக்கு வாங்கலாம், ஆனால் நாள் தப்பக் கூடாது. கத்தரி, தக்காளி, பருத்தி என்று வரும்போது, நீங்கள் வாரத்துக்கு எத்தனை முறை கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அட்டை வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி, இதைப் பூச்சிமருந்து மாதிரி நினைத்து வாங்கியதால் வருபவை.

இது முட்டை ஒட்டுண்ணி. கருப்பாகத் தெரியும் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. வெளியே வந்ததும் ஆணும் பெண்ணும் சேரும். பிறகு பெண் குளவி வயலில் தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டையைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும். அதிலிருந்து வரும் குஞ்சு உள்ளிருப்பதைத் தின்று தீர்த்துவிடும், புழு வெளியே வராது. ஆக, ஏற்கெனவே தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை இந்தக் குளவி தொடக்கூட முடியாது. நடுக்குருத்து காய்ந்ததைப் பார்த்துவிட்டு அட்டை வாங்க ஓடுகிறவர் அந்தத் தலைமுறைப் புழுவைத் தவறவிட்டுவிட்டார் என்று அர்த்தம். அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கும் நாளில் குளவி வயலில் இருக்க வேண்டும். இரண்டு நாள் பிந்தினால் அட்டை எவ்வளவு தரமாக இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் குளவிக்குப் பிடித்தது புதிதாக இட்ட முட்டை. உள்ளே புழுவின் தலை கறுக்கத் தொடங்கிய முட்டையை அது சீந்தாது.

தரம் எங்கே கெடுகிறது என்று புரிய வேண்டுமானால் தயாரிப்பை ஒரு நடை பார்த்துவிட வேண்டும். அட்டையில் ஒட்டியிருப்பது கரும்புப் பூச்சியின் முட்டை அல்ல, நெல் அந்துப்பூச்சி என்கிற கார்சைராவின் முட்டை. தட்டு ஒன்றுக்கு 2.5 கிலோ உடைத்த கம்பு, 100 கிராம் பொடித்த நிலக்கடலை, 5 கிராம் ஈஸ்ட், 5 கிராம் நனையும் கந்தகம், கொஞ்சம் ஸ்ட்ரெப்டோமைசின் கரைசல் கலந்து, அதில் 0.5 சிசி கார்சைரா முட்டையைத் தூவி வளர்க்கிறார்கள். கம்பை முன்பே சூடுகாட்டித் தூய்மை செய்திருக்க வேண்டும். 35 முதல் 40 நாளில் அந்துப்பூச்சி வரும். அவற்றைச் சேகரித்து முட்டையிடவைத்து, சல்லடையில் சலித்துச் செதிலையும் தூசியையும் நீக்கி, 15 வாட் புற ஊதா விளக்கின் கீழ் 2 அடி தூரத்தில் 20 நிமிடம் வைக்கிறார்கள். கார்சைரா புழு பொரிக்காமலிருக்க இது. பிறகு அட்டையில் கருவேலம் பிசின் தடவி முட்டையை ஒரே அடுக்காகத் தூவி, ஏற்கெனவே குளவி வரத் தயாராயிருக்கும் தாய் அட்டையோடு 6-க்கு 1 என்ற கணக்கில் பையில் அடைக்கிறார்கள். மூன்றாம் அல்லது நான்காம் நாளில் முட்டை கறுக்கும். ஒட்டுண்ணி ஏறியதிலிருந்து 7 அல்லது 8 நாளில் குளவி வெளியே வரும்.

இதில் அவசரப்பட்டால் கோளாறு எல்லாம் அட்டையிலேயே தெரியும். விளக்கு பழசாகி வலு குறைந்திருந்தாலோ 20 நிமிடத்தை 10 ஆக்கியிருந்தாலோ ஒட்டுண்ணி ஏறாத முட்டைகளில் கார்சைரா பொரித்துவிடும். அந்தப் புழு பக்கத்திலுள்ள முட்டைகளைத் தின்று மெல்லிய நூலாம்படை பின்னும். அட்டையில் பட்டு இழையும் வெள்ளைப் புழுவும் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். முட்டையை அடுக்கடுக்காகக் கொட்டியிருந்தால் மேலே கருப்பு, கீழே வெளிர்மஞ்சள். பிசின் கெட்டியாகப் போனால் முட்டை அதில் முங்கிவிடும், குளவி உள்ளே ஏறினாலும் வெளியே வர வழியிருக்காது. இது கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். கட்டம் பளபளவென்று ஈரம் காயாதது மாதிரி மின்னினால் சந்தேகப்படலாம்.

இன்னொன்று வெளியில் தெரியவே தெரியாது. வருடக்கணக்காகக் கார்சைரா முட்டையிலேயே வளர்ந்த குளவிக்குக் கூடத்துக்குள் தேடும் வேலையே இல்லை, முட்டை முகத்துக்கு முன்னால் இருக்கிறது. தலைமுறைகள் போகப்போக வயலில் தேடிப் பறக்கும் சுறுசுறுப்பு மங்கும். நல்ல கூடத்தார் அவ்வப்போது வயலிலிருந்து ஒட்டுண்ணி ஏறிய முட்டைகளைச் சேகரித்துத் தாய் வளர்ப்பைப் புதுப்பிப்பார்கள். ‘தாய் வளர்ப்பை எப்போது மாற்றினீர்கள்?’ என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிற தோரணையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அட்டை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உறையின் மேலுள்ள எழுத்து. எந்த இனம், ஒட்டுண்ணி ஏற்றிய தேதி, குளவி வெளிவரும் தேதி என்ற மூன்றும் இருக்க வேண்டும். இனம் எழுதாமல் ‘டிரைக்கோ கார்டு’ என்று மட்டும் அச்சடித்த உறையை வாங்காதீர்கள். கரும்புக்கும் நெல் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் கைலோனிஸ். நெல் குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிகம். அட்டையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது, உறையை நம்பித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது நிறம், அதில் ஒரு சூட்சுமம் உண்டு. முட்டை கருப்பாக இருந்தால் நல்ல அட்டை என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். குளவி வெளியே போன பிறகும் முட்டை ஓடு கருப்பாகவேதான் இருக்கும். கூரியரில் மூன்று நாள் வெயிலில் கிடந்து வழியிலேயே குளவி பொரித்துச் செத்துப்போன அட்டையும் பார்வைக்குப் புது அட்டை மாதிரியே இருக்கும். அதனால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நகை வேலைக்காரர்கள் வைத்திருப்பது போதும். முட்டை உப்பலாக, ஓட்டை இல்லாமல் இருந்தால் உயிர் உள்ளே இருக்கிறது. முட்டையில் சின்னத் துளை தெரிந்தால் காலி. உறையின் மூலையில் மிளகுத்தூள் மாதிரி ஏதாவது உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது செத்த குளவி. சுருங்கி வெளிர்மஞ்சளாக இருப்பவை ஒட்டுண்ணி ஏறாதவை. நூற்றுக்குப் பத்து அப்படி இருப்பது சகஜம், முப்பது இருந்தால் காசைக் குறைத்துக் கேட்கலாம்.

உண்மையான பரிசோதனைக்கு ஒரு கட்டத்தைத் தியாகம் செய்யுங்கள். அதை வெட்டி, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயிலோ சின்ன பாட்டிலிலோ போட்டுப் பஞ்சால் அடைத்து நிழலில் வையுங்கள். குறித்த தேதியன்று காலையில் குளவிகள் வெளிச்சம் வரும் பக்கமாக ஏறி நிற்பது தெரியும். மூன்று நாள் கழித்து லென்ஸ் வைத்து ஓரிடத்தில் 100 கருப்பு முட்டையை எண்ணுங்கள், அதில் எத்தனை துளை விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 80-க்கு மேல் இருந்தால் அந்தக் கூடத்தில் தொடர்ந்து வாங்கலாம். 60-க்குக் கீழே போனால் அடுத்த முறை வேறிடம். இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு பேசுகிற விவசாயிக்கு மோசமான அட்டை கொடுக்க எந்த விற்பனையாளரும் யோசிப்பார்.

கரும்புக்கு வருவோம். இடைக்கணுப் புழுவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு ஒரு முறைக்கு 2.5 சிசி, அதாவது ஏக்கருக்கு 1 சிசி. நட்ட நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, ஆறு முறை. இதை ஒரே தடவையில் 6 சிசியாகக் கட்டி முடித்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியாது. குளவியின் ஆயுள் சில நாட்கள். அந்துப்பூச்சியோ மாதக்கணக்கில் வந்து வந்து முட்டையிடுகிறது. ஆறு முறையில் இரண்டை விட்டுவிட்டால் அந்த இடைவெளியில் இட்ட முட்டையெல்லாம் புழுவாகிக் கணுவுக்குள் போய்விடும்.

இந்தப் பயிருக்கு அட்டை பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கு மாதக் கரும்புக்குள் தெளிப்பானோடு நுழைவதே பெரும்பாடு. ஆறாம் மாதத்துக்கு மேல் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அட்டையோ கையில் கத்தரிக்கோலும் ஸ்டேப்ளரும் இருந்தால் போதும், ஓர் ஆள் அரை மணி நேரத்தில் ஒரு ஏக்கரைக் கட்டிவிடலாம். அந்தப் பருவத்தில் கரும்புக்கு மருந்தடிப்பதும் அரிது, அதனால் குளவி நிம்மதியாக வேலை செய்யும். பக்கத்து வயல்களும் கரும்பாக இருந்து எல்லோரும் ஒரே வாரத்தில் கட்டினால் பலன் கூடும். சர்க்கரை ஆலைகள் கோட்டம் கோட்டமாக ஒட்டுண்ணி விடுவதன் பொருள் அதுதான். நடுவில் தனியாக அரை ஏக்கர் வைத்திருப்பவர் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

கட்டுகிற இடைவெளியைப் பற்றி உறையில் எழுதியிருப்பது பெரும்பாலும் போதாது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 30 கட்டத்தை 30 இடத்தில் கட்டினால் இடத்துக்கு 135 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 11.5 மீட்டர் இடைவெளி. இவ்வளவு சின்னக் குளவிக்கு அது அதிகம். கட்டத்தைக் குறுக்கே வெட்டி 60 துண்டாக்கினால் இடைவெளி 8 மீட்டருக்கு வந்துவிடும். செலவு ஒன்றும் கூடாது, கூலி மட்டும் சற்றுக் கூடும். காற்று வரும் திசையில் ஓர வரிசையில் சற்று நெருக்கமாகக் கட்டுங்கள், குளவி காற்றோடுதான் போகும். கட்டங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும்போது முட்டை உதிராமல், அவற்றுக்கு நடுவிலுள்ள வெற்றுத்தாளில் கத்தரிக்கோல் போக வேண்டும். துண்டை முட்டை உள்ள பக்கம் கீழே பார்க்கும்படி இலையின் அடிப்பக்கத்தில், நடுநரம்பை ஒட்டி ஸ்டேப்ளரால் குத்துங்கள். வெயில் படாது, மழைத்துளியும் நேராக விழாது. சோகையில் (காய்ந்த இலையில்) குத்தாதீர்கள், அது இரண்டு நாளில் விழுந்துவிடும்.

எந்த நேரத்தில் கட்டுவது? காலை வெயில் ஏறுமுன் அல்லது சாயங்காலம். உறைக்குள் முதல் சில குளவிகள் நடமாடுவதைப் பார்த்துவிட்டு அன்று காலையே வயலுக்குக் கொண்டுபோவது இன்னும் நல்லது. முன்னதாகக் கட்டிவிட்டால் எறும்பு தேடி வந்து ஒரே இரவில் கட்டத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். எறும்பு அதிகமுள்ள வயலில் குச்சி நட்டு, குச்சியின் நடுவில் ஒரு விரல் அகலம் கிரீஸ் தடவி, உச்சியில் துண்டைக் கட்டுவதுதான் வழி. அடைமழை எச்சரிக்கை இருந்தால் கட்டாமல் குளிர்பெட்டியில் 10 டிகிரியில் வையுங்கள். கறுத்த அட்டையை மூன்று வாரம் வரை அப்படி வைக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆனால் ஒரு வாரத்தைத் தாண்ட விடாமலிருப்பது புத்திசாலித்தனம். உறைநிலைப் பெட்டியில் வைத்தால் மொத்தமும் போச்சு.

அட்டை கட்டிவிட்டால் வேறு வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். 150-ஆம் நாளிலும் 210-ஆம் நாளிலும் சோகை உரிப்பது, ஐந்தாம் மாதத்திலிருந்து ஏக்கருக்கு 10 இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, யூரியாவை அள்ளிப் போடாமலிருப்பது இவற்றோடு சேர்ந்துதான் அட்டை நிற்கும். தழைச்சத்து மிஞ்சிய, சோகை உரிக்காத கரும்பில் அட்டை மட்டும் என்ன செய்யும்? இளங்குருத்துப் புழுவுக்கும் இதே அட்டையைத் தள்ளிவிடப் பார்க்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அதற்கு இதை முதல் தேர்வாகக் கொள்ள வேண்டாம். ஸ்டர்மியாப்சிஸ் என்ற ஒட்டுண்ணி ஈ இருக்கிறது, ஏக்கருக்கு 125 சினை ஈக்களை 30, 45-ஆம் நாட்களில் விடுவது பரிந்துரை.

நெல்லில் கணக்கு வேறு. குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிகம் ஹெக்டேருக்கு 5 சிசி, நடவு செய்த 30, 37-ஆம் நாட்களில் இரண்டு முறை. இலைச்சுருட்டுப் புழுவுக்குக் கைலோனிஸ் அதே அளவு, 37, 44, 51-ஆம் நாட்களில் மூன்று முறை. ஏக்கருக்கு 2 சிசி என்றால் 60 கட்டம், கரும்பைப் போல இரட்டிப்பாக வெட்ட அவசியமில்லை. இலைச்சுருட்டுப் புழு முட்டையைத் தனித்தனியாக இலைமேல் வைக்கும், குளவிக்கு எளிது. குருத்துப்பூச்சி முட்டைக் குவியலைப் பழுப்பு நிற முடியால் மூடிவிடுகிறது. ஜப்பானிகம் அதைத் துளைத்துப் போகும் என்றாலும் அடியிலுள்ள முட்டைகள் தப்பித்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் வயலில் தானாகவே இருக்கும் டெலினோமஸ், டெட்ராஸ்டிக்கஸ் குளவிகள் கெட்டிக்காரர்கள், அவை எந்தக் கடையிலும் கிடைக்காது. நடவு முடிந்த முதல் 30, 40 நாளில் தேவையில்லாமல் மருந்தடிக்காமல் இருந்தாலே அவை வயலில் தங்கும், சிலந்தியும் ஊசித் தட்டானும் கூடவே தங்கும். நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவதால் அங்கே இட்ட முட்டைக் குவியல் வயலுக்கே வராது. இந்த இரண்டையும் செய்யாமல் அட்டைக்குக் காசு போடுவது வீண்.

நெல்லில் துண்டைக் கட்ட இலை கெட்டி கிடையாது. பயிரைவிட ஒரு சாண் உயரமான குச்சி நட்டு, தேநீர்க் காகிதக் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் உட்புறத்தில் துண்டை ஒட்டுங்கள். மழையும் வெயிலும் இரண்டும் தடுபடும். பயிர் வளர வளரக் குச்சியை உயர்த்த வேண்டும், தண்ணீரில் முங்கிய துண்டு செத்த துண்டு.

கத்தரி, தக்காளிக்கு ஹெக்டேருக்கு 50,000 குளவி என்பது பரிந்துரை, பூக்கும் பருவத்திலிருந்து வாரா வாரம். ஏக்கருக்கு ஒரு சிசியை ஒட்டி வரும். தாளில் பார்த்தால் மலிவு. ஆனால் நான்கு நாளுக்கு ஒரு முறை மருந்தடிக்கும் கத்தரித் தோட்டத்தில் இதைக் கட்டுவது குளவிகளைக் காசு கொடுத்து வாங்கிக் கொல்வதற்குச் சமம். மருந்தைக் குறைத்து, இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாடிய நுனிக்குருத்தை வாரம் ஒரு முறை வெட்டி எரிக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும் இது பயன்படும். தக்காளி இலையின் பிசுபிசுப்பான முடிகளும் குளவிக்கு இடைஞ்சல், அதனால் கரும்பில் பார்த்த பலனை அங்கே எதிர்பார்க்காதீர்கள். கொண்டைக்கடலைக்கு யாராவது அட்டை விற்றால் வாங்கவே வேண்டாம். அந்தச் செடி சுரக்கும் அமிலத்தில் குளவி காய்ப்புழுவின் முட்டையை நெருங்குவதே இல்லை.

பருத்திக்கு ஹெக்டேருக்கு 6.25 சிசி, 45-ஆம் நாளிலிருந்து 15 நாள் இடைவெளியில் மூன்று முறை என்பது பழைய கணக்கு. இப்போது தொல்லை இளஞ்சிவப்புக் காய்ப்புழுதான். அது முட்டையைக் காயின் புறவிதழுக்கு அடியில் ஒளித்து வைக்கிறது, கைலோனிஸ் அங்கே திணறும். மக்காச்சோளத்தில் 2018-இல் வந்து சேர்ந்த படைப்புழு முட்டைக் குவியலை அடுக்கடுக்காக வைத்துச் செதிலால் மூடுவதால் அங்கும் டெலினோமஸ் ரீமஸ்தான் மேல். கிடைக்காவிட்டால் டிரைக்கோகிரம்மா பிரட்டியோசம். ஏக்கருக்கு 50,000 குளவி, வாரம் ஒரு முறை, அல்லது பொறியில் 3 அந்துப்பூச்சி விழுந்ததும்.

மருந்து விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். அட்டை கட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்னும் பின்னும் தெளிப்பு கூடாது என்று பொதுவாகச் சொல்வது சரிதான், ஆனால் எல்லா மருந்தும் ஒன்றல்ல. குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், பைரித்ராய்டு வகைகள் இலையில் காய்ந்த பிறகும் குளவியைக் கொல்லும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா, புழுவைத் தாக்கும் என்.பி.வி. வைரஸ் இரண்டாலும் குளவிக்கு ஒன்றும் ஆகாது. குளோரான்ட்ரனிலிப்ரோல் ஒப்பீட்டளவில் சாது. வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று அட்டை கட்டிய மறுநாளே அடிப்பவர்கள் உண்டு. எண்ணெய்ப் படலமுள்ள முட்டையில் குளவி முட்டையிட மறுக்கும், ஒரு வாரம் விடுங்கள். யாரும் எதிர்பார்க்காத எதிரி கந்தகம். சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் தூவினால் குளவி கூண்டோடு போய்விடும். பெங்களூரிலுள்ள அன்றைய உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் எண்டோசல்பானைத் தாங்கும் குளவி இனத்தையே உருவாக்கி ‘எண்டோகிராம்’ என்று பெயரிட்டது. 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்ய, அந்தத் தாங்குசக்திக்கு வேலை இல்லாமல் போனது.

பலனை எப்படிப் பார்ப்பது? செத்த பூச்சி எதுவும் கீழே கிடக்காது, அதனால்தான் மனசு நம்ப மறுக்கிறது. கட்டிய ஐந்தாறு நாள் கழித்து வயலில் நடந்து இலையில் முட்டைக் குவியல்களைத் தேடுங்கள். கரும்பில் அவை செதில் அடுக்கியது மாதிரி தட்டையாக இருக்கும். குவியல் முழுக்க ஒரே கருப்பாக இருந்தால் குளவி பிடித்துவிட்டது. வெளிர் முட்டைக்குள் கரும்புள்ளி மட்டும் தெரிந்தால் அது பொரிக்கப்போகும் புழுவின் தலை, ஏமாந்துவிடாதீர்கள். நெல்லில் முடி மறைப்பதால் குவியலை இலையோடு கிள்ளிப் பாட்டிலில் அடைத்து, புழு வருகிறதா குளவி வருகிறதா என்று பாருங்கள். பத்துக் குவியல் பார்த்தாலே நிலவரம் புரிந்துவிடும்.

அட்டை கேட்டுப் போகும் கூடத்தில் மற்ற இயற்கை எதிரிகளும் இருக்கும், சுருக்கமாக ஒரு வார்த்தை. தென்னைக் கருந்தலைப் புழுவுக்குக் கோனியோசஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி நல்ல சரக்கு, ஹெக்டேருக்கு 3,000. புழு இரண்டாம் மூன்றாம் பருவத்தில் இருக்கும்போது விட வேண்டும். குழாயைக் கொண்டைக்குள் திறக்காதீர்கள், அங்குள்ள சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் தின்றுவிடும். தண்டில் திறந்துவிட்டால் அதுவே ஏறிப் போகும். கிரைசோபெர்லா என்ற கண்ணாடி இறக்கைப் பூச்சியை முட்டையாக வாங்கினால் உடனே தூவிவிட வேண்டும், பாட்டிலிலேயே பொரித்தால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் வண்டு விடும் முன் எறும்பை ஒழிக்காவிட்டால் பணம் போனது போனதுதான்.

காசு கொடுத்து வாங்கவே தேவையில்லாத வகையும் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டு மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது, போர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்த அசிரோபேகஸ் பப்பாயே குளவியை 2010-இல் விட்டார்கள். அது வயலிலேயே நிலைத்துவிட்டது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்ட அனாகைரஸ் லோபெசியும் அதே வகை. தென்னைச் சுருள் வெள்ளை ஈக்கு வந்த என்கார்சியா குளவியோ யாரும் விடாமல் தானாகவே வந்தது. ஒட்டுண்ணி ஏறிய கூட்டுப்புழு கறுத்திருக்கும் ஓலைத் துண்டை வெட்டிப் புதுத் தோப்பில் செருகினால் போதும். இதைப் பாக்கெட் போட்டு விற்பவரிடம் ஒதுங்கிப் போங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றி. வேளாண் துறையின் உயிரியல் கட்டுப்பாட்டுக் கூடங்கள், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, சர்க்கரை ஆலைகளின் ஒட்டுண்ணிக் கூடங்கள், தனியார் என்று நான்கு வழி. ஆலைக்குப் பதிவு செய்த கரும்பு என்றால் முதலில் கரும்பு அலுவலரிடம் கேளுங்கள், ஆலையே கொடுத்தால் வேறெங்கும் அலைய வேண்டாம். அரசுக் கூடத்தில் விலை குறைவு, ஆனால் போன அன்றே கிடைக்காது. பத்து, பதினைந்து நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும், அட்டை தயாராக அவ்வளவு நாள் பிடிக்கும். தனியாரிடம் சீக்கிரம் கிடைக்கும், சில சமயம் ஒரு சிசி அட்டையின் விலையைவிடக் கூரியர் செலவு கூடிவிடும். அதனால் ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே தேதிக்குச் சொல்வது நல்லது. ஆறு தவணைக்கும் தேதியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு தவணையும் வெளிவரும் தேதிக்கு இரண்டு நாள் முன்பாகக் கைக்கு வரும்படி கேளுங்கள். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை கிளம்பிய உறை ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் கிடந்து, திங்கள்கிழமை காலியான கருப்பு ஓட்டோடுதான் வந்து சேரும்.